கடைசியாகச் சொன்ன எண்

அத்தியாயம் பதினான்கு

பால்கனியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு அண்ணி அவ்வளவு நேரம் யாரோடு பேசினாள் என்று போன வாரம் நம்மைப் போலவே பம்பரமும் யோசித்தாள். யோசித்தாளே தவிரக் கேட்கவில்லை. கேட்கலாம் என்று எழுந்தபோது அப்பாவுக்கு மாத்திரை நேரம் வந்துவிட்டது. பிறகு துவைத்த துணியை மெஷினிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு தூக்கம் வந்துவிட்டது. அந்த வீட்டில் பல கேள்விகள் இப்படித்தான் துணியோடு துணியாக மடித்து வைக்கப்பட்டன.

பம்பரம் என்பது அண்ணன் வைத்த பெயர். சின்ன வயதில் ஓர் இடத்தில் உட்காராமல் சுற்றிக்கொண்டே இருந்ததால் வந்தது. இப்போதும் சுற்றத்தான் செய்கிறாள், ஆனால் நின்றால் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில். ஆறு வருடமாக ஒரே ஆராய்ச்சி. தலைவன் இல்லாமல், மேலிருந்து யாரும் உத்தரவு போடாமல், ஒரு கூட்டம் ட்ரோன்கள் தங்களுக்குள்ளேயே வேலையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இடிந்து விழுந்த கட்டிடத்துக்குள் ஆள் தேடப் போகும் ட்ரோன்களுக்கு வெளியிலிருந்து வழிகாட்ட முடியாதல்லவா, அதற்காக.

இன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு அந்த ஆறு வருடத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு ஓட்டம். பேராசிரியர் நேரில் நின்று பார்ப்பார். ஓட்டம் பிசகாமல் முடிந்தால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கையெழுத்துப் போடுவார். பிசகினால் அடுத்த வருடம்தான், ஏனென்றால் நாளை முதல் அந்த ஹால் வேறொரு குழுவுக்குப் போகிறது. இன்னொரு வருடத்தைத் தாங்க உடம்பில் தெம்பு இருக்கிறதா என்று பம்பரம் தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை என்று பதில் வந்தது.

காலையில் அவள் எழுந்தபோதே அண்ணி கிளம்பிப் போயிருந்தாள். அண்ணி பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவள். டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, மெழுகில் செதுக்கி, யாரோ ஒருவர் வாய்க்குப் பொருந்துகிற மாதிரி பற்களை உருவாக்குவாள். அப்பா விழுந்த நாளிலிருந்து அரை நாள்தான் போகிறாள். மதியத்துக்குள் வந்துவிடுவாள் என்று பம்பரம் நினைத்துக்கொண்டாள்.

அப்பா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு மாதத்துக்கு முன்னால் குளியலறையில் விழுந்ததில் வலது கையும் காலும் பேச்சும் போயின. மூளையில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டதாம். பேச்சுக்குப் பதிலாகப் பழைய விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஒரு விசில் என்றால் தண்ணீர். இரண்டு என்றால் பாத்ரூம். நீளமாக ஒன்று என்றால் டி.வி.யில் சேனலை மாற்ற வேண்டும். மைதானத்தில் முந்நூறு பிள்ளைகளை அடக்கிய விசிலுக்கு இப்போது மூன்று பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று பேர் என்று சொன்னேன். அங்கேதான் ஏலம் வந்தது.

அம்மா இருந்திருந்தால் யார் எதைச் செய்ய வேண்டும் என்று அவளே சொல்லியிருப்பாள். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. அப்பா விழுந்த முதல் மாதம் வீட்டில் தினமும் சண்டை. நான் மட்டும்தான் செய்கிறேன் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். அப்போது பம்பரம் தன் ட்ரோன்களின் விதியை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். போனில் ஒரு குரூப். வேலை வந்ததும் அதில் போட வேண்டும். அந்த வேலை தனக்கு எவ்வளவு சிரமம் என்று ஒவ்வொருவரும் ஒன்று முதல் பத்துக்குள் ஓர் எண் போட வேண்டும். யாருடைய எண் சின்னதோ அவருக்கு வேலை. பத்து மட்டும் சாதாரணமாகப் போடக்கூடாது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தால்தான் பத்து என்று அண்ணன் சேர்த்தான்.

அன்றிலிருந்து சண்டை நின்றது. ஒரு கருத்தரங்கில் பேசும்போது பம்பரம் இதையே சொல்லி ஆரம்பித்தாள். எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். அவளுக்கும் பெருமையாக இருந்தது.

இன்று காலை அண்ணன் குரூப்பில் போட்டிருந்தான். அப்பாவை நரம்பு டாக்டரிடம் பன்னிரண்டு மணிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவர வேண்டும், ஒன்றரை மாதம் காத்திருந்து வாங்கிய நேரம், தவறக்கூடாது. கீழேயே தன் எண்ணையும் போட்டிருந்தான். எட்டு. அவன் லிஃப்ட் மெக்கானிக். எங்காவது ஒரு லிஃப்ட் எப்போதும் நின்றுகொண்டுதான் இருக்கும், அதனால் அவனுடைய எண் ஏழுக்குக் கீழே இறங்கிப் பார்த்தவர் இல்லை. பம்பரம் ஒன்பது போட்டாள். இன்று போடாமல் என்று போடுவது?

அண்ணியிடமிருந்து பதில் இல்லை.

அதற்கும் விதி இருந்தது. பத்து நிமிடத்தில் பதில் வராவிட்டால் அவர் கடைசியாகச் சொன்ன எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசியாக மாத்திரை வாங்கும் வேலைக்கு எண் கேட்டபோது அண்ணி போட்டது இரண்டு. எட்டு, ஒன்பது, இரண்டு. வேலை அண்ணிக்கு. அண்ணன் சரி என்று கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு லிஃப்டுக்கு அடியில் போய்விட்டான்.

பம்பரம் அப்பாவுக்குப் பல் தேய்த்துவிட்டு, ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, எட்டுகிற தூரத்தில் தண்ணீர் பாட்டிலை வைத்தாள். அண்ணி வந்து டாக்டரிடம் கூட்டிப் போவாள் என்று சொன்னாள். அப்பா தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார். போதும் என்கிறார் என்று நினைத்து ரொட்டித் தட்டை எடுத்துவிட்டாள். அவர் நீளமாக ஒரு விசில் ஊதினார். அவள் சேனலை மாற்றினாள். மறுபடியும் நீளமாக ஊதினார். மறுபடியும் மாற்றினாள். மூன்றாவது தடவை ஊதியபோது அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"எல்லாத்துலயும் விளம்பரம்தான்பா ஓடுது. நான் என்ன பண்ணட்டும்?"

அப்பா விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு இடது கையால் போ என்று காட்டினார். அவள் போனாள்.

*

ஹால் ஒரு காலத்தில் இறகுப்பந்து ஆடும் இடமாக இருந்தது. தரையில் பழைய கோடுகள் இன்னும் மங்கலாகத் தெரியும். சுற்றிலும் வலை கட்டி, கூரையில் காமிராக்கள் மாட்டி, அட்டைப் பெட்டிகளை அடுக்கி இடிந்த கட்டிடம் மாதிரி செய்து வைத்திருந்தார்கள். பெட்டிகளுக்கு இடையில் தரையில் வண்ண அட்டைகள். ஓர் அட்டைக்கு மேலே ஒரு ட்ரோன் போய் நின்று பார்த்துவிட்டால் அங்கே ஆள் தேடியாகிவிட்டது என்று கணக்கு.

கூட ஆராய்ச்சி செய்யும் ஈயம் முன்னாலேயே வந்து ஆறு ட்ரோன்களையும் வரிசையாகப் பாயில் வைத்திருந்தான். உள்ளங்கை அகலம்தான் ஒவ்வொன்றும். கையில் எப்போதும் ஒயர்களை ஈயத்தால் பற்றவைக்கும் கம்பியோடு திரிவதால் அவனுக்கு அந்தப் பெயர். ராத்திரி தூங்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. நாலாம் நம்பர் பேட்டரி கொஞ்சம் சுணங்குகிறது, மாற்றுவதற்கு வேறு இல்லை, சமாளித்துவிடும் என்றான்.

நாலு எதையும் சமாளிக்கும் என்று பம்பரமும் சொன்னாள். அது உண்மையும்கூட. வேலை வந்ததும் ஒவ்வொரு ட்ரோனும் எவ்வளவு தூரம், எவ்வளவு பேட்டரி மிச்சம் என்று கணக்குப் போட்டு ஓர் எண்ணை மற்றவற்றுக்கு அனுப்பும். சின்ன எண் அனுப்பியது போகும். என்ன காரணமோ, நாலு எப்போதும் சின்ன எண்தான் அனுப்பும்.

பேராசிரியர் சரியான நேரத்துக்கு வந்தார். மாணவர்களுக்கு அவர் மேடம். நான்கு மாணவர்களின் ஆய்வேடுகளும் இரண்டு கமிட்டிகளும் தலையில் இருந்ததால் எப்போதும் பாதி மூச்சில்தான் பேசுவார். ஆரம்பி என்று கையைக் காட்டிவிட்டு வலைக்கு வெளியே நின்றார்.

ஆறும் எழுந்தன. சத்தம் காதை அடைத்தது. பிரிந்து போய், பெட்டிகளுக்கு மேலே தாழ்ந்து, அட்டைகளைப் பார்த்து, அடுத்ததற்கு நகர்ந்தன. பம்பரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். ஒவ்வொரு அட்டைக்கும் போகப்போகும் ட்ரோன் எது என்று குறிக்கப்பட்டுப் பச்சையாகிக்கொண்டே வந்தது. கடைசியில் எல்லாம் பச்சை. வேலை முடித்த ட்ரோன்கள் ஒவ்வொன்றாகப் பாய்க்குத் திரும்பி இறங்கின. எதுவும் மோதவில்லை. எதுவும் விழவில்லை. ஆறு வருடத்தில் இவ்வளவு சுத்தமாக ஓடியதே இல்லை.

அப்பாடா என்று அவள் நிமிர்ந்தபோது மேடம் வலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கோடி மூலையில நாலஞ்சு அட்டை இருக்கே. அங்க எதுவுமே போகலையே."

பாயில் இருந்தவை ஐந்து. நாலைக் காணோம். ஈயம் வலைக்குள் நுழைந்து தேடினான். ஒரு பெட்டிக்குப் பின்னால், சுவரோரமாக, நாலு உட்கார்ந்திருந்தது. பேட்டரி தீரப்போகிறது என்றால் இருந்த இடத்திலேயே மெல்ல இறங்கிவிட வேண்டும் என்பது பாதுகாப்புக்காக எழுதிய விதி. அது விதிப்படி இறங்கிவிட்டது. இறங்கியதும் சிக்னலும் நின்றுவிட்டது.

மற்ற ஐந்தும் ஏன் அந்த மூலைக்குப் போகவில்லை என்று மேடம் கேட்டார். நாலு போகும் என்று நினைத்துக்கொண்டிருந்தன என்றாள் பம்பரம்.

"நாலு எப்பச் சொல்லிச்சு?"

"ஆரம்பத்துல சொல்லிச்சு மேடம்."

"அப்புறம்?"

"அப்புறம் பதில் வரல. பதில் வரலன்னா..." பம்பரத்தின் குரல் இறங்கியது. "கடைசியா சொன்ன எண்ணையே எடுத்துக்கும்."

அந்த விதி அவள் எழுதியது. சிக்னல் ஒரு நொடி போய் வந்தால் வேலை முழுதும் நின்றுவிடக் கூடாதே என்று இரண்டாம் வருடத்தில் எழுதி, அதற்காகப் பாராட்டும் வாங்கியது. பதில் சொல்லாதவன் சரி என்றுதான் சொல்வான் என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு வசதி. எல்லாம் பச்சையாகத் தெரியும்.

அவள் பையிலிருந்து போனை எடுத்தாள். பன்னிரண்டாகப் போகிறது. காலையில் அண்ணன் போட்டதை அண்ணி இன்னும் பார்க்கவே இல்லை. கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று குரல் வந்தது. அண்ணனைக் கூப்பிட்டாள். கம்பி உரசும் சத்தத்துக்கு நடுவில் எடுத்தான்.

"அவ வந்திருப்பா. ரூல்படி அவதானே?"

"ரூலை எழுதினதே நான்தான். அவங்க பாக்கவே இல்லண்ணா. அப்பா தனியா இருக்கார்."

அண்ணன் ஏதோ சொல்வதற்குள் வைத்துவிட்டாள். மேடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, பக்கத்து ஆய்வுக்கூடத்தில் ஒரு பேட்டரியைக் கேட்டு வாங்கி நாலுக்குப் போடு, விதியை ஒரு வரி மாற்று, எனக்கு அரை மணி நேரம் இருக்கிறது, இன்னொரு தடவை ஓட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார். கருணையோடுதான் சொன்னார். ஒரு வரிதான். அரை மணி போதும்.

"மேடம், எங்கப்பா வீட்ல தனியா இருக்கார். அவரால எழுந்திரிக்க முடியாது."

"கூட யாரும் இல்லையா?"

"இருக்காங்கன்னு நெனச்சுட்டேன்."

நாளைக்கு இது வேறு ஆளுடைய ஹால், தெரியும் அல்லவா என்று மேடம் கேட்டார். தெரியும் என்றாள். போ என்றார். இன்று அவளைப் போ என்று சொன்ன இரண்டாவது ஆள் அவர்.

*

ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைப்பவன் குடியிருக்கும் கட்டிடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. பம்பரம் படியேறினாள். மூன்றாம் மாடியிலேயே விசில் கேட்டது. ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை, நீளமும் இல்லை. விட்டு விட்டு, காற்றுப் போதாமல் வந்துகொண்டிருந்தது.

அப்பா நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தார். தண்ணீர் பாட்டில் உருண்டு சோபாவுக்கு அடியில் கிடந்தது. பேன்ட் நனைந்திருந்தது. டி.வி.யில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு மிக்ஸி விற்றுக்கொண்டிருந்தாள். காலையில் இவள்தான் வைத்துவிட்டுப் போன சேனல் அது.

பின்னாலேயே அண்ணனும் ஓடிவந்தான், கையெல்லாம் கிரீஸ். காலையில் ஒருவருக்கும் முடியாத வேலைக்கு இப்போது இரண்டு பேர் வந்து நின்றார்கள். தூக்கி உட்காரவைத்து, துடைத்து, உடை மாற்றினார்கள். அப்பா இருவர் முகத்தையும் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் வழிந்தது. பம்பரத்துக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. வெட்கமாக இருந்தது. தன் மேலேயே அருவருப்பாகக்கூட இருந்தது.

டாக்டரிடம் போன் செய்தால் நேரம் தாண்டிவிட்டது, வேறு நேரம் இருந்தால் மாலையில் சொல்கிறோம் என்றார்கள். பதற்றம் அடங்கியதும் அண்ணனுக்குக் கோபம் வந்தது. அவனுக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். ஒரு வார்த்தை போடக் கூடாதா, போனை அணைத்து வைத்துவிட்டு அப்படி என்ன வேலை என்று கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தான். பம்பரம் போனில் குரூப்பை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணியின் பெயருக்கு நேரே இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு. எட்டு மாதமாக இதே. அந்த மூன்று போட்ட அன்று அண்ணிக்குக் காய்ச்சல் என்பது அவளுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

வெயில் சாய்ந்த பிறகு அண்ணி வந்தாள். தலைமுடியில் வெள்ளையாக, பல் அச்சு வார்க்கும் சுண்ணாம்புத் தூள். பையைக் கூட இறக்காமல் அப்பாவைத்தான் முதலில் கேட்டாள், டாக்டர் என்ன சொன்னார் என்று.

அண்ணன்தான் வாயைத் திறந்தான். அவள் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை என்று ஆரம்பித்து, அப்பா எப்படிக் கிடந்தார் என்பது வரைக்கும் சொன்னான். அண்ணி பையைக் கீழே வைத்தாள்.

"நேத்து சாப்பிடும்போது சொன்னேனே. இன்னைலேர்ந்து எனக்கு முழு நாள்னு. செதுக்குற பிரிவை என் பொறுப்புல விடறாங்க. அன்னிக்கு பால்கனியில அவங்ககூடத்தான் பேசிட்டிருந்தேன். உள்ள போனை எடுத்துட்டுப் போகக் கூடாது. அதனால டாக்டருக்கு நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கோங்கன்னு சொன்னேன். நீங்ககூட ம்னு சொன்னீங்க."

அண்ணன் முழித்தான். நேற்றுச் சாப்பிடும்போது அவன் போனில் ஏதோ லிஃப்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். பம்பரம் மடிக்கணினியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்றைய ஓட்டத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி ஏதோ சொன்னாள் என்பது வரை அவளுக்கு நினைவிருந்தது.

"குரூப்ல போடலியே நீ" என்றான் அண்ணன்.

"ஆமா. வாயால சொன்னேன்."

அப்பா நீளமாக ஒரு விசில் ஊதினார். பழக்கத்தில் பம்பரம் ரிமோட்டை எடுத்துவிட்டாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். அப்பா இடது கையை அண்ணி பக்கம் நீட்டித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். காலையில் ஆட்டிய அதே ஆட்டல். நேற்று அந்த மேஜையில் அண்ணி சொன்னதைக் காதில் வாங்கிய ஒரே ஆள் அவர்தான். அவள் வரமாட்டாள் என்று காலையில் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். மகள் மூன்று தடவையும் சேனலை மாற்றியிருக்கிறாள்.

*

அண்ணி முகம் கழுவிக்கொண்டு வந்து, அப்பாவுக்கு முட்டையை வேகவைத்தாள். பம்பரம் சமையலறை வாசலில் நின்றாள். உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை.

"ஏன் அண்ணி எப்பவும் ரெண்டே போட்டீங்க? ஒம்பது போட்டிருக்கலாம்ல?"

"ஒம்பது போட்டா ஏன்னு சொல்லணும். நான் சொல்லி, அதுக்கு உங்கண்ணன் ஒண்ணு சொல்லி, நீ ஒண்ணு சொல்லி... அதுக்குள்ள வேலையே முடிஞ்சுடும். ரெண்டு போட்டா யாரும் எதுவும் கேக்கமாட்டீங்க."

"கஷ்டமா இல்லையா?"

"இருந்துச்சு." அண்ணி அடுப்பைக் குறைத்தாள். "ஒருநாள் நீயே கண்டுபிடிப்பேன்னு நெனச்சேன். உன் ஆராய்ச்சிதானே."

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாகப் பம்பரம் நாலாம் நம்பரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அது எப்போதும் சின்ன எண் அனுப்பியதை, மற்றவை அதை நம்பிக்கொண்டு சும்மா இருந்ததை, திரை முழுக்கப் பச்சையாக இருந்ததைச் சொன்னாள். அண்ணி முட்டையை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"கீழ விழுந்து உடைஞ்சுடுச்சா?"

"இல்ல. சத்தம் போடாம ஓரமா போய் உக்காந்துடுச்சு."

"கெட்டிக்காரி" என்றாள் அண்ணி. சிரித்தாள் என்று சொல்ல முடியாது. உதட்டோரம் லேசாக அசைந்தது. இன்றைக்கு அந்த வீட்டில் அதுவே பெரிது.

முட்டைத் தட்டோடு அண்ணி கூடத்துக்குப் போனாள். அப்போதுதான் பம்பரத்தின் போனில் மேடத்திடமிருந்து செய்தி வந்தது. அடுத்த குழுவிடம் கெஞ்சி ஒரு மணி நேரம் வாங்கியிருப்பதாகவும், வியாழக்கிழமை காலை பத்து மணி என்றும், இதற்கு மேல் தன்னாலும் கேட்க முடியாது என்றும் எழுதியிருந்தார். கடைசியில், அப்பா எப்படி இருக்கார், என்று ஒரு வரி.

பம்பரம் அந்தச் செய்தியை இரண்டு தடவை படித்தாள். அண்ணியிடம் சொல்லலாம் என்று திரும்பினாள். அதற்குள் கூடத்தில் அண்ணனின் போன் அடித்தது. பேசி முடித்தவன் பத்தடி தூரத்தில் இருந்த இரண்டு பேரிடமும் வாயால் சொல்லாமல், பழக்கதோஷம், குரூப்பில் போட்டான். டாக்டரிடம் ஒரு நேரம் கிடைத்திருக்கிறது, யாரோ வரவில்லையாம், வியாழக்கிழமை காலை பத்தரை. அதை விட்டால் இன்னும் இரண்டு மாதம்.

அண்ணன் எட்டு போட்டான். வியாழக்கிழமை அவனுடைய லிஃப்டுகளுக்கு வருடாந்தரச் சோதனை, அதிகாரி வருகிறார். அது பொய்யில்லை.

அண்ணியின் எண் வந்தது. பத்து.

எட்டு மாதத்தில் அந்தக் குரூப்பில் விழுந்த முதல் பத்து. காரணம் எதுவும் எழுதவில்லை. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்து, நனைந்த பேன்ட் காயப்போட்டிருந்த பக்கம் பார்வை போனதும் மூடிக்கொண்டான்.

மிச்சம் இருந்தது பம்பரம்.

ஒன்பது போடலாம். நியாயமாகப் பார்த்தால் பத்தே போடலாம். ஆனால் ஏன் என்று சொல்ல வேண்டும். மேடம் கெஞ்சியது, ஹால், கடைசி வாய்ப்பு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அண்ணன் அதிகாரியைப் பற்றிச் சொல்லுவான். அண்ணியின் முதல் வாரம் பற்றிப் பேச்சு வரும், அந்தப் பத்து மெல்ல மெல்ல ஏழாகி ஐந்தாகி இரண்டாகும். இவ்வளவும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் காதில் விழும், தன்னை யார் சுமப்பது என்று தன் பிள்ளைகள் பேரம் பேசுவது. நினைக்கும்போதே அவளுக்கு ஆயாசமாக இருந்தது. சண்டை போடத் தெம்பில்லை. இன்னொரு வருடம் போகட்டும்.

இரண்டு என்று போட்டாள். ஒரு நொடி வேலைதான்.

அண்ணனின் கட்டைவிரல் உடனே வந்து விழுந்தது. கூடவே கூடத்தில் அவன் நிம்மதியாக மூச்சு விடுவதும் கேட்டது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அண்ணி சொன்னது எவ்வளவு சரி என்று நினைத்தபடி பம்பரம் அடுப்பங்கரைத் திட்டில் சாய்ந்துகொண்டாள்.

காலடிச் சத்தம் வந்தது. அண்ணி வாசலில் நின்றாள், ஒரு கையில் அப்பாவின் காலித் தட்டு, இன்னொரு கையில் போன்.

"வியாழக்கிழமை உனக்கு என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

அண்ணி நகரவில்லை.

"அந்த ஒண்ணுமில்லயத்தான் நான் எட்டு மாசமா போட்டுட்டிருந்தேன். உன் போனைக் குடு."

பம்பரம் போனைக் கவிழ்த்து மார்போடு பிடித்துக்கொண்டாள். அண்ணி தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். நீட்டிய கை இறங்கவில்லை. கூடத்தில் அப்பா நீளமாக ஒரு விசில் ஊதினார். யாரும் ரிமோட்டைத் தேடவில்லை.